தறி தருமுன் நூலைப் பாருங்கள்: கைப்பணித் திட்டம் தீட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கைப்பணிப் பயிற்சிக்கும் உபகரணத்துக்கும் கண்காட்சிக்கும் பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும், அதே நோக்கத்தோடு ஊருக்குள் வரும் தொண்டு நிறுவனங்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் தறியிலும் பனையோலையிலும் பாய் இழைக்கும் பன் புல்லிலும் வேலை செய்பவர்கள்; அந்த வேலையைப் பழக்கிக் கொடுப்பவர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த திட்டத்தை எழுதும்போது பயிற்சி வகுப்பையும் புதுத் தறியையும் முதல் வரியில் போடாதீர்கள். நூல், சாயம், தண்ணீர், ஓலை, பன் ஆகியவற்றை முதலில் போடுங்கள். கை பழகியவர்களுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. அந்தக் கைக்கு வந்து சேரும் பொருள்தான் மாதத்துக்கு மாதம் மாறுகிறது, குறைகிறது, கெட்டுப்போகிறது.

அம்பாறை மாவட்டத்து நெசவு ஊரான மருதமுனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு வெளிநாட்டுத் துணி குவிந்தபோதும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர வீடுகளை அள்ளிக்கொண்டு போனபோதும் அந்த ஊர் நெசவைக் கைவிடவில்லை. அங்கே போய்ப் பாவு (துணியின் நெட்டு இழை) ஓட்டப் பழக்குவதற்கு ஆள் தேடத் தேவையில்லை. இந்த மாதம் வாங்கும் 2/60 நூலும் (நூலின் இலக்கம் அது; கீழே விளக்குகிறோம்) அடுத்த மாதம் வாங்கும் 2/60 நூலும் ஒரே தடிப்பில் இருந்தால் அதுவே பெரிய உதவி.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாறனின் கணக்கைப் பாருங்கள். 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 60 இழை என்றால் பாவில் 2880 இழை. சாறனின் நீளம் 2 மீற்றர். நெய்யும்போது பாவு வளைந்து சுருங்குவதால் ஒவ்வோர் இழையும் 2.15 மீற்றர் அளவில் வேண்டும். ஆக, பாவுக்கு மட்டும் ஆறு கிலோமீற்றருக்கு மேல் நூல் போகிறது. அங்குலத்துக்கு 50 ஊடு, அதாவது குறுக்கு இழை, அடித்தால் ஊடைக்கு இன்னும் ஐந்து கிலோமீற்றர். இரண்டும் சேர்ந்து, 2/60 நூலில், ஏறக்குறைய 225 கிராம். இருபது சாறனுக்குப் பாவு ஓட்டுகிறவர் இந்தக் கணக்கை வைத்துத்தான் நூல் வாங்குகிறார், சாயம் போடுகிறார்.

நூல் இலக்கம் என்பது ஓர் இறாத்தலில் 840 யார் நீளமான கழி (நூற்சுருள்) எத்தனை நிற்கும் என்பது. 2/60 என்றால் அறுபதாம் இலக்க இழை இரண்டை முறுக்கியது. இறாத்தலுக்கு 30 கழி, 10 இறாத்தல் கட்டில் 300 கழி இருக்க வேண்டும். கடையில் கட்டை நிறுத்தால் 4.54 கிலோ சரியாக இருக்கும். கழியை எண்ணினால்தான் குட்டு வெளிப்படும். நூல் தடிப்பாக இருந்தால் அதே எடையில் நீளம் குறையும். மாரியில் ஈரம் குடித்த நூலும் அப்படித்தான். பஞ்சு நூலுக்கு வணிகத்தில் ஒப்புக்கொண்ட ஈரம் 8.5 வீதம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு வீதத்துக்கும் நெசவாளர் தண்ணீருக்கு விலை கொடுக்கிறார்.

நீளம் குறைந்தால் என்ன நடக்கும்? பதினெட்டாவது சாறனில் ஊடைநூல் முடிந்துவிடும். மிச்சத்துக்கு வேறு கட்டிலிருந்து நூல் எடுத்து, திரும்பச் சாயம் போட வேண்டும். இரண்டாம் முறை போட்ட சாயம் முதல் சாயத்தோடு ஒருபோதும் அச்சொட்டாகப் பொருந்தாது. துணியில் குறுக்காக ஒரு பட்டை விழும். கடைக்காரர் அந்தச் சாறனைத் தள்ளிவைப்பார், இல்லையென்றால் பாதி விலை சொல்வார். நெசவு நன்றாகத்தான் இருக்கும், தோற்றது நூல்.

இதற்கு மருந்து விலை கூடியதல்ல. மாவட்டத்துக்கு ஒரு நூல் களஞ்சியம். அதில் நூல் சுற்றி அளக்கும் சிறு சக்கரம் ஒன்று, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு ஒன்று. 120 யார் நூலைச் சுற்றி எடுத்து நிறுத்தால் 2/60 நூல் 2.16 கிராம் காட்ட வேண்டும். 2.3 காட்டினால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்புங்கள். நாங்கள் ஒரு கட்டு, இரண்டு கட்டு என்று வாங்குகிறவர்கள். எங்களால் திருப்பி அனுப்ப முடியாது. மொத்தமாக வாங்கும் உங்களால் முடியும். வெள்ளை, கறுப்பு, இரண்டு மூன்று அடிப்படை நிறங்களில் ஆறு மாதத்துக்கான இருப்பு இருந்தால், 2022 இல் டொலர் இல்லாமல் விலை தலைகால் தெரியாமல் ஏறியதுபோல இன்னொரு முறை ஏறினாலும் தறி உடனே நிற்காது.

அடுத்தது சாயம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைத்தறித் துணியின் பெயரைக் கெடுப்பது இதுதான். முதல் கழுவலிலேயே சிவப்புக் கரை வெள்ளைக்குள் ஊறிவிட்டால் அந்த வீட்டுக்கு இன்னொரு கைத்தறித் துணி போகாது. நெசவாளரின் கவனக்குறைவு என்று பயிற்சி வகுப்புகளில் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். உண்மையான காரணம் விறகு.

ஒரு கிலோ பழுப்பு (வெளுக்காத) நூலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். பஞ்சின் மெழுகு போக, 20 லீற்றர் தண்ணீரில் 40 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சவர்க்காரமும் போட்டு ஒன்றரை மணித்தியாலம் கொதிக்க வைத்து அலச வேண்டும். இதைக் குறைத்தால் நூல் சீராக நனையாது, நிறம் திட்டுத் திட்டாக ஏறும். கழியைக் கட்டும் கயிறு இறுகியிருந்தால் அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். பிறகு 60 பாகைச் சூட்டில் நூலோடு வினைபட்டுப் பிடிக்கும் ரியாக்டிவ் சாயம்: நடுத்தர நிறத்துக்கு 20 கிராம். லீற்றருக்கு 50 கிராம் வீதம் ஒரு கிலோ உப்பு, அதை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாக. அரை மணித்தியாலம் கழித்து லீற்றருக்கு 20 கிராம் சலவைச் சோடா. சூட்டை 60 பாகையில் ஒரு மணித்தியாலம் பிடித்துவைக்க வேண்டும்.

சோடா விழுந்ததும் சாயத்தின் ஒரு பகுதி நூலைப் பிடிக்கும். மற்றப் பகுதி தண்ணீரோடு வினைபட்டுச் செத்துப்போகும். செத்த சாயமும் நூலின் மேல் ஒட்டிக்கொண்டு நல்ல சாயம் போலவே தெரியும். அதைக் கழற்ற இரண்டு முறை பச்சைத் தண்ணீர், ஒரு முறை சுடுதண்ணீர், பிறகு லீற்றருக்கு 2 கிராம் சவர்க்காரத்தோடு கொதிநிலைக்குக் கிட்ட 15 முதல் 20 நிமிடம், மறுபடி சுடுதண்ணீர். ஆக ஒரு கிலோ நூலுக்கு எட்டு முறை 20 லீற்றர், மொத்தம் 160 லீற்றர் தண்ணீர். அதில் ஐந்து முறை அடுப்பு மூட்ட வேண்டும். வீட்டு முற்றத்தில் ஒரு கிடாரத்தையும் விறகையும் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறவர் எதை விடுவார்? நிறம் ஏறிவிட்டது கண்ணுக்குத் தெரிகிறது. கடைசிச் சவர்க்காரக் கொதிப்பை விடுவார். சாயம் இறங்குவது அங்கேதான்.

தண்ணீரும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் நிலத்தில் கிணறுகள் கோடையில் உவர்க்கும். உவர் மட்டும் என்றால் சமாளிக்கலாம். தண்ணீரின் வன்மை (அதில் கரைந்த சுண்ணாம்புச் சத்து) சாயத்தைத் திரைய வைக்கும், சவர்க்காரத்தை வேலை செய்ய விடாது. குழாய்க் கிணற்றில் இரும்பு இருந்தால் இளஞ்சிவப்பும் மஞ்சளும் அழுக்கேறியதுபோல மங்கும். ஓர் ஊரில் பழக்கிய அளவு அடுத்த ஊரில் பிழையாகிப் போவதற்கு இதுதான் காரணம். பயிற்றுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்புக்கு முன் அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து அறிக்கையைக் கையில் தாருங்கள்.

வற் சாயம் என்ற இன்னொரு வகை ரியாக்டிவ் சாயத்தைவிட உறுதியானது, உப்பும் மிகக் குறைவாகப் போதும். ஆனால் அதைக் கரைக்கக் கோஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைற்றும் வேண்டும். ஹைட்ரோசல்பைற்று ஈரக்காற்றுப் பட்டால் வலு இழக்கும். தண்ணீர் தெறித்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். அதைப் பெரிய தகரத்திலிருந்து அள்ளிப் பொலித்தீன் பையில் கட்டிச் சில்லறையாக விற்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் அப்படி வாங்கிய தூளில் பாதி வலுக்கூட இருக்குமா என்பது சந்தேகம். சாயம் முழுதாகக் கரையாமல் நூலின் மேல் பொடியாகப் படிந்து, தேய்த்தால் கையில் வரும். அரைக் கிலோ, ஒரு கிலோவாக மூடி அடைத்த தகரத்தில் களஞ்சியத்திலிருந்து கொடுத்தால் இந்தக் கேடு நீங்கும். கையுறையும் கண்ணாடியும் சேர்த்துக் கொடுங்கள். கோஸ்டிக் கரைசல் கண்ணில் பட்டால் பார்வை போகும்.

கழிவுநீரைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். உப்பும் சோடாவும் நிறமும் கலந்த தண்ணீரை மணலில் ஊற்றினால், ஆழமில்லாத நம் கிணறுகளுக்கு அது திரும்பி வராமல் வேறெங்கே போகும்? சுண்ணாம்பும் பெரசு சல்பேற்றும் போட்டு வண்டலைப் படியவைத்தால் நிறத்தின் பெரும்பகுதி கழியும். உப்பு கழியாது. அதைத் தளம் பூசிய ஆழமற்ற தொட்டியில் வெயிலில் வற்றவைப்பதைத் தவிரச் சிறிய இடத்தில் வேறு சுலபமான வழியில்லை. மாரியில் தொட்டி வற்றாது. ஆகவே சித்திரை முதல் புரட்டாதி வரை கூடுதலாகச் சாயம் போட்டு இருப்பு வைக்க வேண்டும். இதெல்லாம் தனி வீட்டால் ஆகிற காரியமல்ல.

அதனால்தான் பொதுச் சாயச்சாலை கேட்கிறோம். நாளுக்கு 40 கிலோ நூல் என்று வைத்தால் 6,400 லீற்றர் தண்ணீர் வேண்டும். எவர்சில்வர் தொட்டிகள், வெப்பமானி, காரத்தன்மை பார்க்கும் தாள், தராசு, கூரையில் வெயிலில் தண்ணீர் சூடாக்கும் அமைப்பு. 60 பாகை வரை வெயிலே கொண்டுவந்து தரும், அதற்கு மேல்தான் அடுப்பு. ஒவ்வொரு தொட்டிக்கும் சாய இலக்கம், எடை, சூடு, நேரம் எழுதும் கொப்பி ஒன்று கட்டாயம். அந்தக் கொப்பி இருந்தால்தான் போன மாதத்து நீலத்தை இந்த மாதமும் எடுக்கலாம். பத்துத் தறி வாங்கும் பணத்தை இதில் போடுங்கள். ஏற்கெனவே இருக்கும் தறிகளின் துணி முழுவதும் தரமேறும்.

தறியையே கொடுப்பதென்றால் தயவுசெய்து இவற்றைக் கவனியுங்கள். ஈரம் காயாத மரத்தில் செய்த தறி ஒரு கோடையில் முறுக்கிக்கொள்ளும். ஊடைநூலைக் கொண்டு போகும் நாடா ஓடும் பலகை மட்டம் தவறினால் நாடா துள்ளி வெளியே பாயும், பாவும் அறும், பக்கத்தில் இருப்பவருக்கும் அடிபடும். 2/40 நூலுக்கான அச்சை (பாவு இழைகளைப் பிரிக்கும் சீப்பை) பூட்டிவிட்டு 2/80 நூலைக் கொடுத்தால் துணி வலைபோல வரும். அச்சும், பாவு இழைகளைத் தூக்கும் விழுதும் தறியோடு வரும் இலவசச் சாமான் அல்ல. எந்தத் துணி நெய்யப் போகிறோம் என்று கேட்டபின் எடுக்க வேண்டியவை.

தறிக் கொட்டகையின் திசையையும் பாருங்கள். வைகாசி தொடங்கிக் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும்போது தென்மேற்குப் பக்கம் திறந்த கொட்டகையில் பாவு உலர்ந்து முறுகும். கஞ்சி உதிர்ந்து இழை படபடவென்று அறும். தகரக் கூரை இருந்தால் இன்னும் மோசம். அந்தப் பக்கம் சுவரும், ஓலையோ ஓடோ வேய்ந்த கூரையும், தறிக்குக் கீழே நனைத்த சாக்கும் இருந்தால் போதும். மாரியில் இதற்கு நேர்மாறு: கஞ்சி போட்ட பாவு இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் கரும்புள்ளியாகப் பிடிக்கும், அந்தப் புள்ளி எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

கூலிக் கணக்கிலும் ஒரு பிழை தொடர்ந்து நடக்கிறது. மேலே கணக்குப் பார்த்த சாறனில் ஏறக்குறைய 3,900 ஊடு. அறுந்த இழையை முடிவது, நாடாவுக்குள் வைக்கும் தார் (நூல் சுற்றிய குச்சி) மாற்றுவது எல்லாம் சேர்த்துச் சராசரி நிமிடத்துக்கு 30 ஊடு என்றால், தறியில் மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். தார் சுற்றுவது, பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, இழை கோப்பது, சாயம் போடுவது ஆகியவற்றின் பங்கைச் சேர்த்தால் நான்கு மணித்தியாலத்தைத் தொடும். உங்கள் விலைப் படிவங்களில் தறிமேல் இருக்கும் நேரம் மட்டுமே வருகிறது. தார் சுற்றும் பெண்களின் உழைப்பு எந்த நிரலிலும் இல்லை. அந்த நிரலைச் சேர்த்த பிறகு வரும் விலைதான் துணியின் விலை.

பனையோலைக்கு வருகிறோம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் வடக்கே வாகரைப் பக்கமும் ஓலை வேலை தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். குருத்தோலைதான் கிடைப்பதில்லை. பனை ஏற ஆளில்லை; ஏறுபவர் ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தை வெட்டினால் மரம் மெலிந்துபோகும். ஏறுபவருக்கு நாட்கூலியும் காப்புறுதியும் கொடுத்து, எந்த மரத்தில் எப்போது குருத்து எடுத்தது என்று குறித்துவைத்தால் இரண்டும் நேராகும். ஓலையை நல்ல வெயிலில் காயவைத்து வெளிறச் செய்து, ஈர்க்கு நீக்கி, சத்தகம் என்ற சிறு கத்தியால் வாரிய பிறகுதான் இழைப்பு. கையால் வாரும்போது ஓர் ஓலை 4 மில்லிமீற்றர், அடுத்தது 6 என்று போனால் பெட்டியின் வாய் கோணும். இரண்டு அலகு பொருத்திய சிறு வார்கருவியை ஊர்க் கொல்லரே செய்து தருவார். ஒரே அளவில் ஐம்பது பெட்டி கேட்கும் விடுதிக்கு அது இல்லாமல் கொடுக்க முடியாது.

ஓலைக்குப் போடும் பளிச்சென்ற சாயத்தூள்கள் வெயிலில் நிற்காது. வாசலில் தொங்கவிட்ட பெட்டி சில கிழமைகளில் வெளிறும். கண்காட்சிப் பந்தலில் ஓலைச் சாமானை வெயில் விழும் முன்வரிசையில் வைக்கச் சொல்லாதீர்கள். நீற்றுப்பெட்டி, இடியப்பத் தட்டு, சுளகு போன்று உணவு தொடும் எதற்கும் சாயம் போட்டுப் பழக்காதீர்கள். அழகுக்காக அதைப் பாடத்தில் சேர்த்த வகுப்புகள் உண்டு. அது தவறு, நிறுத்துங்கள்.

பன்பாய்க்காரரின் சிக்கல் நிலம். பன் வளர்வது குளத்து ஓரத்திலும் வயலோரத் தாழ்நிலத்திலும். அங்கே மண் கொட்டி நிரப்பினால் பாய் முடிந்தது. பக்கத்து வயலுக்கு அடிக்கும் களைநாசினி காற்றில் வந்து பட்டாலும் பன் கருகும். முற்றிய பன் மடக்கும்போது உடையும்; இளம்பன் காய்ந்ததும் சுருங்கிப் பாயில் இடைவெளி விழும். நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்தால் அடி அழுகும். இது அறுப்பவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவை, பிரதேச வரைபடத்தில் பன் நிலம் என்று கோடு போட்டுக் காட்டிய ஓர் இடமும், அங்கே அறுக்கலாம் என்ற எழுத்து அனுமதியும்.

கூத்துக்குக் கரப்புடுப்பு என்ற அகன்ற ஆட்ட உடையும் கிரீடமும் செய்கிறவர்களை உங்கள் கைப்பணிப் பட்டியல்களில் காணோம். மரம், கண்ணாடித்துண்டு, துணி, தகடு எல்லாவற்றிலும் கை வைக்கிற வேலை அது. அவர்களையும் எழுதுங்கள். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை பயிலும் பிள்ளைகளை இவர்களிடமும் நெசவாளரிடமும் ஒரு பருவம் அனுப்பினால் புது வடிவம் இங்கேயே பிறக்கும்.

விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டோம். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் வெளியூர்க்காரர் நிறைவது சித்திரைக்கும் புரட்டாதிக்கும் நடுவே. ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடியுமுன் செலவழிக்க வேண்டும் என்பதற்காக மாரியில் கண்காட்சி வைத்தால் வாங்குபவரும் இல்லை, ஓலைக்குப் பூஞ்சணமும் பிடிக்கும். விடுதிகளிலிருந்து கட்டளை வாங்கித் தருவது மூன்று நாள் பந்தலைவிட மேல். ஆனால் கழுவிய பின் அளவு என்ன என்பதைக் கட்டளையில் எழுதுங்கள். பஞ்சுத் துணி முதல் கழுவலில் 5 வீதமும் அதற்கு மேலும் சுருங்கும். தறியில் அளந்து கொடுத்த துவாய் விடுதியில் மூன்று அங்குலம் குட்டையாகித் திரும்பி வருவது அதனால்தான். நனைத்த வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்து, நிறம் ஒட்டாத துணியை மட்டும் மேசைக்கு எடுங்கள். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை எழுதுமுன் எங்களோடு ஒரு முறை உட்காருங்கள். நூல் எடைக் கணக்கு, கிணற்றுத் தண்ணீர் மாதிரி, சாயம் இறங்கிய துணி, இறங்காத துணி எல்லாவற்றையும் கொண்டுவருகிறோம். தார் சுற்றும் பெண்களும், ஓலை இழைப்பவர்களும், பன் அறுப்பவர்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும். பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகென்றால் எல்லாரும் வரலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நெசவாளர்கள், ஓலை, பன் வேலை செய்வோர், அவற்றைப் பழக்குவோர்